கைகள் கட்டிய வானொலி

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வது ஒரு வகை உடைமை. அதே பொருளைத் தன் கையாலேயே செய்து வைத்துக்கொள்வது மற்றொரு வகை உடைமை. முன்னதில் பொருள் மட்டுமே நமக்குச் சொந்தமாகிறது; பின்னதில் அப்பொருளைப் பற்றிய அறிவும் நமக்குச் சொந்தமாகிவிடுகிறது. இந்த வேற்றுமையை விளக்க எத்தனையோ சான்றுகள் தரலாம். எனினும் வானொலிப் பெட்டியின் வரலாற்றைப் போல அதனைத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது என்றே சொல்ல வேண்டும்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய வானொலிப் பெட்டிகளைத் தேடிச் சேர்ப்போர் பலர் உளர். அவர்களுள் ஒரு சாரார், தொழிற்சாலையில் பிறந்த அழகிய பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, வீட்டு மேசையின் மீது யாரோ ஒருவர் கட்டிய பெட்டிகளையே நாடிச் செல்கின்றனர். உதிரிப் பாகங்களும் வரைபடமும் ஒரு கட்டாக விற்கப்பட, வாங்கியவர் தாமே பூட்டி முடித்த பெட்டிகள் அவை. ‘கிட்’ என்பது அக்கட்டுக்கு வழங்கிய பெயர். வண்ணம் உதிர்ந்த தகரப் பெட்டி. உள்ளே கோணலாக ஓடும் கம்பிகள். ஆங்காங்கே அளவுக்கு மிஞ்சி உறைந்து நிற்கும் ஈயத் துளிகள். இவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். விடை காண நாம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

படிகமும் பூனை மீசையும்

வானொலியின் தொடக்க காலத்தில் அலையைப் பிடித்து ஒலியாக்குவதற்குப் பயன்பட்டது ஒரு சிறு கல். ஈயமும் கந்தகமும் சேர்ந்த ‘கலீனா’ என்னும் தாதுப் படிகம் அது. மெல்லிய கம்பி முனையொன்று அதன் மீது பட்டும் படாமலும் நிற்க வேண்டும். அக்கம்பிக்குப் ‘பூனை மீசை’ என்றே பெயர் வைத்துவிட்டனர். மின்னோட்டத்தை ஒரு திசையில் விட்டு மறு திசையில் தடுப்பது இந்த இணைப்பின் இயல்பு. அதனாலேயே வானலையில் மறைந்து கிடக்கும் பேச்சும் இசையும் பிரிந்து வெளிவருகின்றன. இத்தகைய படிகத்தைக் கொண்டு மின்னலைகளை உணரும் கருவிக்கு 1901ஆம் ஆண்டில் விண்ணப்பித்து, 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் ஆவார். சிலிக்கான் படிகத்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1906இல் அமெரிக்கரான பிக்கார்டு காப்புரிமை பெற்றார்.

படிக வானொலிக்கு மின்கலம் வேண்டியதில்லை. வீட்டு மின்சாரமும் வேண்டியதில்லை. வான்கம்பி ஒன்றும், மண்ணில் இறங்கும் கம்பி ஒன்றும், செப்புக் கம்பிச் சுருளும், படிகமும், காதில் மாட்டும் ஒலிக்கருவியும் போதும். ஒலிபரப்பு நிலையத்திலிருந்து வரும் அலையின் ஆற்றலே ஒலிக்கருவியை இயக்கிவிடும். ஏழை வீட்டுக்கும் எட்டக்கூடிய கருவி அது. 1920 நவம்பர் 2ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பிய பின்னர் வானொலி ஆர்வம் அந்நாடெங்கும் பரவியது. 1922இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமே, வீட்டில் எளிய படிக வானொலி செய்யும் முறையை விளக்கி 120ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. கம்பியைச் சுற்றுவதற்கு அது பரிந்துரைத்த பொருள் என்ன தெரியுமா? காலை உணவுத் தானியம் அடைத்து வரும் உருண்டை அட்டைப் பெட்டி! சமையலறையில் காலியாகும் பெட்டியே வானொலியின் உயிருறுப்பாக மாறியது.

ஒருவர் காதில் மட்டுமே ஒலிக்கும் கருவியைக் குடும்பம் முழுவதும் கேட்பதற்கும் மக்கள் வழி கண்டனர். ஒலிக்கருவியை ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்தால் ஒலி சற்றே பெருகும். கிண்ணத்தைச் சுற்றித் தலைகளைச் சாய்த்துக்கொண்டு மூச்சு விடாமல் அமர்ந்திருந்த குடும்பங்கள் அன்று எத்தனையோ.

கேட்பவர் குற்றவாளியா?

இங்கிலாந்தில் இக்கதை வேறொரு திருப்பத்தைக் கண்டது. 1922 அக்டோபரில் வானொலிக் கருவி செய்யும் நிறுவனங்கள் கூடிப் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கம்பெனியைத் தொடங்கின. நவம்பர் 14இல் இலண்டன் நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலி கேட்பவர் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் கட்டி உரிமச் சீட்டுப் பெற வேண்டும். அதில் பாதி கம்பெனிக்குச் சேரும். அத்துடன், கம்பெனியின் முத்திரை பொறித்த பெட்டியையே வாங்க வேண்டும். அவ்விற்பனையிலும் கம்பெனிக்கு ஒரு பங்கு உண்டு. இவ்வாறு விதி செய்தனர்.

இந்த விதியை வகுத்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டனர். கடையில் விற்கும் பெட்டியின் விலை தொழிலாளி ஒருவரின் கைக்கு எட்டாதது. ஆனால் அவருடைய கைக்கு வேலை தெரியும். கம்பியும் படிகமும் வாங்கி அவர் தாமே செய்துகொண்டார். அப்பெட்டியில் முத்திரை ஏது? ‘ஆராய்ச்சியாளர்’ என்ற பெயரில் தனி உரிமம் கேட்டு அஞ்சல் துறைக்கு விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. இவர்களுள் உண்மையான ஆராய்ச்சியாளர் யார், பாட்டுக் கேட்க விரும்பும் குடும்பத்தலைவர் யார் என்று பிரித்தறிய எவராலும் இயலவில்லை. விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவரும், போடாமலே கேட்டவரும் பல்லாயிரவர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் குற்றவாளிகள். அவர்கள் செய்த குற்றமோ தம் கையால் ஒரு பெட்டியைச் செய்தது!

1923 ஏப்ரலில் அஞ்சல் துறை அமைச்சர் ஜாய்ன்சன் ஹிக்ஸ், சைக்ஸ் என்பவர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். அவ்வாண்டின் இறுதியில், தாமே பெட்டி செய்வோருக்கெனப் பதினைந்து ஷில்லிங்கில் தனி உரிமம் வழங்கப்பட்டது. உள்நாட்டுப் பாகங்களையே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பின்னர் அந்த வேற்றுமையும் நீங்கி, எல்லோருக்கும் பத்து ஷில்லிங் என்னும் ஒரே உரிமம் நடைமுறைக்கு வந்தது. வாங்கியவரும் செய்தவரும் சட்டத்தின் முன் சமமாயினர். சாமானிய மக்களின் கைத்திறன் ஒரு வணிகக் கூட்டின் தனியுரிமையை வென்ற நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

வால்வு வந்த பின்னரும் வீட்டுக் கைவினை ஓயவில்லை. அதற்கும் காரணம் உண்டு. விற்பனைக்குச் செய்யும் பெட்டியில் உள்ள ஒவ்வொரு வால்வு இருக்கைக்கும் பன்னிரண்டரை ஷில்லிங் வீதம் மார்க்கோனி நிறுவனத்திற்கு உரிமைத் தொகை கட்ட வேண்டியிருந்தது. மூன்று வால்வுப் பெட்டியென்றால் ஏறத்தாழ இரண்டு பவுன் அதிலேயே போய்விடும். தம் பயன்பாட்டுக்காகச் செய்துகொள்பவரை இச்சுமை அழுத்தவில்லை.

சென்னையும் கொழும்பும்

இதே காலத்தில் நம் பகுதியிலும் ஒலிபரப்பு ஆர்வலர்களின் முயற்சியாலேயே பிறந்தது என்பதை நினைவுகூர்வது பொருத்தமாகும். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924 மே மாதத்தில் சென்னை மாகாண வானொலிச் சங்கத்தைத் தொடங்கினார். நாற்பது வாட் ஆற்றல் கொண்ட சிறு ஒலிபரப்புக் கருவியுடன் அவ்வாண்டு ஜூலை 31இல் சங்கத்தின் ஒலிபரப்பு தொடங்கியது. பின்னர் இருநூறு வாட் கருவியும் வந்தது. பொருள் முடையால் 1927இல் சங்கம் ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தது. 1930 ஏப்ரலில் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தத் தொடங்கியது.

இலங்கையில் தந்தித் துறைப் பொறியாளராக இருந்த எட்வர்டு ஹார்ப்பர், முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டே ஒலிபரப்புக் கருவி ஒன்றை உருவாக்கினார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கப்பெற்றது. போருக்குப் பயன்பட்ட பாகங்கள் பாட்டுக்குப் பயன்பட்டன. பின்னாளில் தமிழ் மக்கள் ஆவலோடு செவிமடுத்த இலங்கை வானொலியின் வேர், இவ்வாறு ஒரு கைவினைஞரின் மேசையில்தான் இருக்கிறது.

திருப்புளியும் குறடும் போதும்

1920களின் இறுதியில் இங்கிலாந்தின் காசர் நிறுவனம் ‘மெலடி மேக்கர்’ என்னும் மூன்று வால்வுக் கட்டினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் சிறப்பு, ஈயம் பற்றவைக்கும் வேலையே அதில் இல்லாமையாகும். திருப்புளி, குறடு, ஸ்பானர் ஆகியவற்றைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். எந்தக் கம்பி எந்தத் திருகாணிக்குப் போக வேண்டும் என்பதை முழு அளவு வரைபடம் காட்டிவிடும். மின்னியலில் ஓர் எழுத்தும் அறியாதவரும் ஒரு மாலைப் பொழுதில் பெட்டியை முடித்துவிடலாம்.

இதற்கு நேர்மாறானவை ஜான் ஸ்காட் டாகர்ட் என்பவர் வானொலி இதழ்களில் வெளியிட்ட வரைமுறைகள். தம் பெயரின் முதலெழுத்துகளையே அவற்றுக்குச் சூட்டினார். 1920களின் தொடக்கத்தில் வந்த எஸ்.டி. 100உம், 1932இல் வந்த எஸ்.டி. 300உம் பெரும் புகழ் பெற்றன. வரைபடம் இதழில் வரும்; பாகங்களைப் பல கடைகளில் தேடிச் சேர்ப்பது வாசகர் பொறுப்பு. ஆகவே ஒரே வரைபடத்தின்படி செய்த இரு பெட்டிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போலச் சாயலில் ஒத்தும் குணத்தில் வேறுபட்டும் இருக்கும்.

அக்காலப் பெட்டிகள் பலவற்றில் ஒரு தொல்லையும் இருந்தது. வால்விலிருந்து வெளிவரும் ஆற்றலில் ஒரு பகுதியை மீண்டும் அதன் வாயிலுக்கே திருப்பினால் ஒலி பன்மடங்கு பெருகும். ஆம்ஸ்ட்ராங் என்னும் அமெரிக்கர் 1914இல் காப்புரிமை பெற்ற முறை இது. திருகியை அளவுக்கு மீறித் திருப்பிவிட்டாலோ பெட்டியே ஒலிபரப்புக் கருவியாக மாறி, அண்டை அயலாரின் வானொலியெல்லாம் ஊளையிடத் தொடங்கும். ஒலிபரப்புக் கம்பெனியின் முதல் தலைமைப் பொறியாளர் பீட்டர் எக்கர்ஸ்லி, இவ்வாறு செய்ய வேண்டாமென்று வானொலியிலேயே மக்களை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. தன் இன்பத்துக்கு ஓர் எல்லை உண்டு; அவ்வெல்லை அண்டை வீட்டார் காதில் இருக்கிறது என்ற பாடத்தையும் வானொலி கற்பித்தது.

போர்க்களத்தில் ஒரு சவர அலகு

இரண்டாம் உலகப் போரின்போது இக்கைத்திறன் வேறொரு பொருள் பெற்றது. 1944இல் இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் பதுங்கு குழிகளில் கிடந்த அமெரிக்க வீரர்கள் சவர அலகைக் கொண்டு வானொலி செய்தனர். படிகத்துக்குப் பதில் நீலம் பாய்ந்த சவர அலகு. பூனை மீசைக்குப் பதில் பென்சில் கரித்துண்டு பொருத்திய ஊக்கு. கீழ்த்திசையில் ஜப்பானியரின் சிறைமுகாம்களில் அடைபட்டிருந்த கைதிகள், கண்டுபிடிக்கப்பட்டால் உயிரே போகும் என்றறிந்தும், தண்ணீர்க் குடுவைகளுக்குள் வானொலிகளை மறைத்து வைத்துச் செய்தி கேட்டனர். வெளியுலகம் இன்னும் இருக்கிறது என்ற உறுதியை அந்தச் சிறு கருவிகளே அவர்களுக்கு அளித்தன.

பென்டன் ஹார்பரின் பெட்டிகள்

போருக்குப் பின் இக்கலையைப் பெருந்தொழிலாக வளர்த்த நிறுவனம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பென்டன் ஹார்பர் ஊரில் இயங்கிய ஹீத் கம்பெனியாகும். அதன் நிறுவனர் எட்வர்டு ஹீத், வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சிறு விமானக் கட்டுகளை விற்றவர். 1931இல் விமான விபத்தில் மாண்டார். 1935இல் நிறுவனத்தை வாங்கிய ஹோவர்டு அந்தோணி, போர் முடிந்ததும் படைத்துறை கழித்துவிட்ட மின்னணுப் பாகங்களை மொத்தமாக வாங்கினார். 1947இல் மின்னலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ‘ஆசிலாஸ்கோப்’ கருவியை 39 டாலர் 50 செண்டுக்குக் கட்டாக விற்றார். அதுவரை பெரிய ஆய்வுக்கூடங்கள் மட்டுமே வாங்கக்கூடியதாக இருந்த கருவி, ரேடியோ பழுது பார்ப்பவரின் சிறு கடைக்கும் வந்து சேர்ந்தது. அந்தோணியும் 1954இல் விமான விபத்திலேயே உயிர் துறந்தார் என்பது வியப்புக்குரிய ஒற்றுமை.

ஹீத்கிட் பெட்டிகளின் உண்மையான புகழ் அவற்றின் கையேட்டில் இருந்தது. வேலை முழுவதும் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியின் முன்னும் ஓர் அடைப்பு. வேலை முடிந்ததும் அதில் குறியிட வேண்டும். கம்பியை எத்தனை அங்குலம் வெட்டுவது, எந்த முனையில் சேர்ப்பது, இப்போதே பற்றவைப்பதா அல்லது வேறு கம்பி வரும்வரை காத்திருப்பதா என்பனவெல்லாம் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கும். 1964இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட செனட்டர் பாரி கோல்டுவாட்டரும் ஹீத்கிட் கட்டுவதில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார்.

ஒப்பிட்டுப் பார்த்தல்

ஹீத்துக்குப் போட்டியாகச் சிகாகோ நகரின் அல்லைடு ரேடியோ நிறுவனம் ‘நைட் கிட்’ என்ற பெயரில் கட்டுகளை விற்றது. சேகரிப்போர் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பேசுவதில் ஓயார். 1960களைச் சேர்ந்த இரு சிற்றலைப் பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஹீத்தின் ஜி.ஆர். 64, நைட்டின் ஸ்டார் ரோமர் இரண்டுமே நான்கு வால்வுப் பெட்டிகள். முன்னது 550 கிலோசைக்கிளில் தொடங்கி 30 மெகாசைக்கிள் வரை நான்கு பிரிவுகளில் கேட்கும். பின்னது 200 கிலோசைக்கிளிலேயே தொடங்கி ஐந்து பிரிவுகளில் கேட்கும். நைட்டின் மற்றொரு பெட்டியான ஸ்பேன் மாஸ்டரில் இரண்டே வால்வுகள். அதிலுள்ளது ஆற்றலைத் திருப்பி அனுப்பும் பழைய முறை. ஊளையிடும் எல்லைக்குச் சற்று முன்னே திருகியை நிறுத்தப் பழகிய கைக்கு அது தொலைதூர நிலையங்களையும் தந்துவிடும். பழகாத கைக்கு இரைச்சலைத் தவிர ஒன்றும் தராது. ஆகவே, வால்வுகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் பெட்டியின் தரத்தை முடிவு செய்வது பொருந்தாது. கேட்பவரிடம் எவ்வளவு திறமையை அது எதிர்பார்க்கிறது என்பதும் ஓர் அளவுகோலாகும்.

பெட்டியைக் கட்டியவரின் கையை ஈயப் பற்றில் காணலாம். நன்கு சூடேறிய பற்று வழவழப்பாக மின்னும். சூடு போதாத பற்று மங்கலாகவும் பொருக்காகவும் இருக்கும். பழுதென்று நிறுவனத்துக்குத் திரும்பி வந்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் நோய் இந்தப் பற்றில்தான் இருந்தது. முதல் பத்து இணைப்புகள் தடுமாறி, பிற்பகுதியில் சீராகி வரும் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தால், பெயர் தெரியாத ஒருவர் ஒரு கலையைக் கற்றுக்கொண்ட வரலாறே அதில் எழுதப்பட்டிருப்பது விளங்கும்.

பழைய பெட்டி கைக்குக் கிடைத்தவுடன் மின்சாரத்தில் இணைத்துப் பார்க்கும் ஆவல் எழும். அது பேராபத்து. நாற்பது ஐம்பது ஆண்டு கடந்த காகித மின்தேக்கிகள் கசியத் தொடங்கியிருக்கும். வேதிப்பொருள் நிறைந்தவை வெடிக்கவும் கூடும். நைட்டின் ஓஷன் ஹாப்பர் போன்ற மலிவுப் பெட்டிகளில் மின்மாற்றி கிடையாது; வீட்டு மின்சாரத்தின் ஒரு முனை நேராக உட்புறச் சுற்றிலேயே சேர்ந்திருக்கும். அறியாமல் தொட்டவர் உயிர் இழக்க நேரும். அறிந்தோர் முதலில் உள்ளே ஆராய்ந்து, கெட்ட மின்தேக்கிகளை மாற்றி, மின்விளக்கு ஒன்றைத் தொடரில் இணைத்துச் சிறிது சிறிதாகவே மின்சாரத்தைச் செலுத்துவர்.

இங்கேதான் சேகரிப்போரிடையே ஒரு வழக்கு எழுகிறது. பாகத்தை மாற்றினால் பெட்டி பாடும். ஆனால் கட்டியவரின் கைவேலை குலையும். மாற்றாவிட்டால் கைவேலை நிற்கும். ஆனால் பெட்டி ஊமையாகும். சிலர் பழைய மின்தேக்கியின் கூட்டினுள்ளே புதியதை ஒளித்து வைத்துவிடுகின்றனர். கண்ணுக்குப் பழமை, செவிக்குப் புதுமை. இது பொய்யாகாதா என்று கேட்பாரும் உண்டு. செய்த மாற்றங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவதே நேர்மையான வழி. அடுத்து வருபவருக்கு உண்மை தெரிந்துவிடுமல்லவா?

இன்னொரு முரணும் உண்டு. எவரும் திறக்காத, ஒரு பாகமும் தொடாத கட்டுக்கே சந்தையில் விலை மிகுதி. யாரோ ஒருவர் பல இரவுகள் விழித்திருந்து கட்டிய பெட்டிக்கு மதிப்புக் குறைவு. வரலாற்றை நேசிப்பவர் இந்தக் கணக்கை ஏற்க இயலாது. கட்டப்படாத கட்டு, வாசிக்கப்படாத நூலைப் போன்றது.

மறைவு

1954இல் முதல் டிரான்சிஸ்டர் வானொலி கடைக்கு வந்தது. இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேர் 1964இல் தீப்பெட்டியினும் சிறிய ‘மைக்ரோ 6’ வானொலியைக் கட்டாகவே விற்றார். எனினும் காலம் மாறிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான பாகங்கள் ஒரே சில்லுக்குள் அடங்கின. அவற்றைப் பலகையில் பொருத்தும் வேலையை எந்திரம் ஏற்றது. கையால் கட்டுவதைவிடக் கட்டி முடித்ததை வாங்குவதே மலிவு என்னும் நிலை வந்தது. ஹீத் கம்பெனியும் கைமாறியது. 1962இல் ஸ்லம்பர்ஜர், 1979இல் ஜெனித் என உரிமையாளர் மாறினர். 1992இல் கட்டு விற்பனையை அது நிறுத்திக்கொண்டது.

பணத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தொடங்கிய ஒரு வழக்கம், பணம் மிச்சமாகாத நாளில் ஓய்ந்துவிட்டது. இதில் குறை கூற ஒன்றுமில்லை. ஆயினும் பணத்தோடு சேர்ந்து மற்றொன்றும் அந்த மேசைகளை விட்டுப் போயிற்று. பெட்டி நின்றுவிட்டால் திறந்து பார்க்கும் துணிவே அது. தன் கையால் கட்டியவர் தன் பெட்டிக்கு அஞ்சுவதில்லை. கட்டி முடித்ததை வாங்கியவரோ, அது பேசாதுபோனால் அதனை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குகிறார்.

சேகரிப்பவரின் அலமாரியில் ஹீத்கிட் கையேடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அடைப்பிலும் பென்சில் குறி. நடுவில் ஓரிடத்தில் குறி அழிக்கப்பட்டு மீண்டும் இடப்பட்டிருக்கிறது. யாரோ தவறு செய்திருக்கிறார், கண்டுபிடித்திருக்கிறார், கழற்றி மறுபடியும் சரியாகச் சேர்த்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் கட்டிய பெட்டி இன்றும் பாடுகிறது என்றால், அதற்குக் காரணம் அழித்து எழுதிய அந்த ஒரு குறிதான்.